சாயங்காலம் பப்ஸ், ராத்திரி சிப்ஸ்: தெரிஞ்சே கை போகுதுன்னு கேட்டவங்களுக்கு

வாசிக்கிற மத்தவங்களுக்கும் புரியட்டும்னு உங்க கேள்வியை முதல்ல சுருக்கிடறேன். வீடு மார்த்தாண்டம் பக்கம், ஆபீஸ் நாகர்கோவில்ல, வயசு 36, ரெண்டு பிள்ளைங்க. காலைல அவசரத்துல சாயாவும் நாலு பிஸ்கட்டும், மதியம் டிபன் பாக்ஸ்ல லெமன் சாதமோ தயிர் சாதமோ, தொட்டுக்க கொஞ்சம் சிப்ஸ். சாயங்காலம் வடசேரியில பஸ் ஏறி மார்த்தாண்டத்துல இறங்கினதும் பேக்கரியில ஒரு பப்ஸ், ஒரு சாயா, வீட்டுக்குன்னு ஒரு மிக்சர் பாக்கெட். ராத்திரி பிள்ளைங்க தூங்கினப்புறம் அந்த மிக்சரும், அவங்களுக்குன்னு வாங்கி வச்ச சிப்ஸும். ரத்தச் சர்க்கரையோட ரெண்டு மூணு மாசச் சராசரியைக் காட்டுற எச்பிஏ1சி டெஸ்ட்ல 6.1-ன்னு ரிப்போர்ட் வந்ததும் பயந்து எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்தினீங்க, பத்து நாள் ஓடுச்சு, அப்புறம் ஒரு ராத்திரி பெரிய பாக்கெட் முழுசும் காலி, அதோட பழையபடி ஆயிடுச்சு. இதை முழுசா நிறுத்துறது எப்படி, இது போதைப்பழக்கம் மாதிரியா, "அல்ட்ரா ப்ராசஸ்டு"ன்னு சொல்ற, தொழிற்சாலையில அதிகமாப் பதப்படுத்தின உணவுல நேந்திரங்கா சிப்ஸும் சேருமான்னு மூணு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசில ஒரு வரி எழுதியிருக்கீங்க, "கெடுதல்னு தெரிஞ்சே கை போகுது, எனக்கு மனவுறுதி இல்லபோல"ன்னு. நீங்க உண்மையில கேக்கிறது அதுதான்னு எனக்குப் படுது, அதனால அதுக்கே முதல்ல பதில் சொல்றேன்.

நான் டயட்டீஷியன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலயே ஆஸ்பத்திரில சுகர், பிரஷர், கொழுப்புன்னு வர்றவங்களுக்கு சாப்பாட்டு ஆலோசனை சொல்றது பல வருஷமா என் வேலை. டாக்டர் இல்ல, மாத்திரை மாத்துறதப் பத்தி நான் பேசக்கூடாது, மனநல ஆலோசகரும் இல்ல, அந்த எல்லைக்குள்ள நின்னு சொல்றேன். நீங்க எழுதின நாளைப் பாத்தா மனவுறுதிக் குறை எங்கயும் எனக்குத் தெரியல. காலைல ஏழரை மணிக்கு நாலு பிஸ்கட், மதியம் ஒரு மணிக்கு வெறும் சாதம், அதுக்கப்புறம் அஞ்சே கால் வரைக்கும் ஒண்ணும் இல்ல, பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல பஸ்ல நின்னுட்டு வந்து பேக்கரி வாசல்ல இறங்குறீங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள மஞ்ச பல்பு எரியுது, சூடா இருக்கு, வெண்ணெய் வாசனை வருது, பதினஞ்சு இருபது ரூபாய்தான். அந்த நிலைமையில யாரை நிப்பாட்டினாலும் வாங்குவாங்க. சாயங்கால ஆசையோட பெரும்பங்கு காலையிலயும் மதியத்துலயும் உருவாகி வருது, மிச்சம் கைக்கு எட்டுற தூரத்துல என்ன இருக்குங்கிறதைப் பொறுத்தது. திருத்த வேண்டியது அந்த ரெண்டையும்தான்.

இந்த "அல்ட்ரா ப்ராசஸ்டு"ங்கிற பேரு எங்கிருந்து வந்துதுன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா சிப்ஸ் கேள்விக்குப் பதில் அதுலதான் இருக்கு. பிரேசில்ல சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்துல கார்லோஸ் மாண்டீரோங்கிற பேராசிரியர் 2009-ல முன்வச்ச யோசனை, அதை நோவா வகைப்பாடுன்னு சொல்றாங்க, நாலு கூட்டமா உணவைப் பிரிக்குது. முதல்ல அப்படியே கிடைக்கிறது இல்லேன்னா லேசா பக்குவப்படுத்தினது, அதாவது நம்ம மரச்சீனிக்கிழங்கு, சாளை மீன், சம்பா அரிசி, பயறு, முட்டை, பால். ரெண்டாவது சமையலுக்குச் சேர்க்கிற சாமான், தேங்காய் எண்ணெய், உப்பு, சீனி, கருப்பட்டி. மூணாவது இந்த ரெண்டையும் சேர்த்துப் பண்ணினது, கருவாடு, ஊறுகா மாதிரி. நாலாவதுதான் பிரச்சனையான கூட்டம்: தொழிற்சாலையில உணவுப்பொருளைப் பிரிச்செடுத்த ஸ்டார்ச், பாமாயில், குளுக்கோஸ் சிரப், புரோட்டீன் பவுடர்னு வச்சு, நிறம், மணம், ருசி, எண்ணெயும் தண்ணியும் பிரியாம வைக்கிற எமல்சிஃபையர் எல்லாம் சேர்த்து உருவாக்குறது. பாக்கெட் பின்னாடி வாசிச்சுப் பாருங்க, உங்க அடுக்களையில எந்த டப்பாவுலயும் இல்லாத சாமான் பேரு மூணு நாலு வந்தா அனேகமா நாலாவது கூட்டம்தான்.

இதுல உறுதியாத் தெரிஞ்சது என்ன, சந்தேகமா இருக்கிறது என்னன்னு பிரிச்சே சொல்லிடறேன். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால் குழு 2019-ல வெளியிட்ட ஆய்வு இதுல முக்கியமானது. 20 பேரை அங்கயே நாலு வாரம் தங்க வச்சு, ரெண்டு வாரம் பாக்கெட் வகை, ரெண்டு வாரம் சாதாரணமா சமைச்ச சாப்பாடு கொடுத்தாங்க. பரிமாறின சாப்பாட்டுல கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ரெண்டுலயும் ஏறக்குறைய சமம், எவ்வளவு வேணும்னாலும் தின்னுக்கலாம். பாக்கெட் சாப்பாடு தின்ன வாரங்கள்ல சராசரியா ஒரு நாளைக்கு 500 கலோரி கூடுதலா உள்ள போச்சு, எடை 0.9 கிலோ ஏறுச்சு, மத்த ரெண்டு வாரத்துல அதே 0.9 கிலோ இறங்குச்சு. இதுல கவனிக்க வேண்டியது, ரெண்டு சாப்பாடும் ருசியில பெரிய வித்தியாசம் இல்லன்னுதான் தின்னவங்களே மார்க் போட்டிருந்தாங்க. பாக்கெட் சாப்பாடு வேகமா உள்ள போச்சு, அது ஒரு முக்கியக் காரணமா இருக்கலாம். மெல்ல வேண்டியதே இல்ல, வயிறு நிறைஞ்சுதுன்னு மூளைக்குச் சேதி போறதுக்குள்ள தட்டு காலி. 2025-ல லண்டன்ல 55 பேரை வச்சு ஒரு ஆய்வு வந்துது, அரசாங்க சத்துணவு வழிகாட்டுதலுக்கு ஒத்துப்போற நல்ல பாக்கெட் உணவா பாத்து எட்டு வாரம், சமைச்ச சாப்பாடு எட்டு வாரம்னு கொடுத்ததுல ரெண்டுலயுமே எடை குறைஞ்சுது, ஆனா சமைச்சதுல ஏறக்குறைய ரெண்டு மடங்கு குறைஞ்சுது, தின்னணும்ங்கிற ஆசையை அடக்குறதும் சமைச்ச சாப்பாட்டு வாரங்கள்லதான் சுலபமா இருந்துதுன்னாங்க. உங்களுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். பாக்கெட் தீனியைக் குறைக்கக் குறைக்க ஆசையும் குறையுது, ஆரம்பத்துல இருக்கிற கஷ்டம் அப்படியே நிக்காது.

இதய நோய், சுகர், மனச்சோர்வுன்னு நிறைய நோயோட இதைத் தொடர்புபடுத்துற ஆய்வுகள் ஏகப்பட்டது உண்டு, 2024-ல பிஎம்ஜேங்கிற பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல ஏறக்குறைய ஒரு கோடி பேரோட தரவைத் திரட்டி ஒரு தொகுப்பே வந்துது. ஆனா அதெல்லாம் மக்களைக் கவனிச்சு எழுதினது, தின்னவங்களுக்கு வேற என்னென்ன பழக்கம், வருமானம், தூக்கம்னு முழுசா பிரிச்செடுக்க முடியாது, அதனால "இதாலதான் வந்துது"ன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். இன்னொண்ணு, நாலாவது கூட்டத்துல எல்லாமே ஒரே அளவு கெடுதல் இல்ல. இனிப்புக் குளிர்பானமும் பதப்படுத்தின இறைச்சியும்தான் ஆய்வுக்கு ஆய்வு மோசமா வருது, முழு கோதுமை ரொட்டி மாதிரி சிலது அவ்வளவு மோசமா வரல. எந்த ரசாயனம் என்ன பண்ணுதுங்கிறதும் இன்னும் முடிவாகாத விஷயம்தான். அதனால பாக்கெட்டைப் பாத்தாலே விஷம்னு பயப்பட வேண்டாம். அந்த பயம்தான் பத்து நாள் கழிச்சு முழு பாக்கெட்டையும் காலி பண்ண வைக்குது.

போதையான்னு கேட்டீங்க. ஏல் பல்கலைக்கழகத்துல 2009-ல உணவு அடிமைத்தன அளவுகோல்னு ஒரு கேள்வித்தாள் உருவாக்கினாங்க, அதுல நிறைய பேரு தேறுறாங்க, அதாவது விட நினைச்சும் முடியல, தின்னப்புறம் குற்ற உணர்ச்சி, அளவு கூடிக்கிட்டே போகுதுங்கிற அனுபவம் உண்மை. ஆனா மனநல மருத்துவர்கள் பயன்படுத்துற அதிகாரப்பூர்வப் பட்டியல்ல உணவு அடிமைத்தனம்னு தனி நோய் இதுவரைக்கும் இல்ல, நிபுணர்களுக்குள்ளயே வாக்குவாதம் நடக்குது. என் அபிப்ராயம், பேரு எதுவானாலும் இருக்கட்டும், "நான் அடிமை"ன்னு நினைச்சுக்கிறதால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. கொழுப்பும் மாவும், கொழுப்பும் சீனியும் ஒண்ணா சேர்ந்து வர்றது இயற்கையில ரொம்ப அபூர்வம், அந்தக் கூட்டு மூளையில ஆசையைத் தூண்டுற இடத்தை வேகமாத் தட்டும், பப்ஸும் சிப்ஸும் சாக்லேட் பிஸ்கட்டும் அந்தக் கூட்டுதான். அதுக்கு ஆசைப்படுறது மனுஷ உடம்போட சுபாவம்.

இனி செய்ய வேண்டியதுக்கு வர்றேன். முதல் மாசம் சாயங்காலத்தைத் தொடவே தொடாதீங்க, பப்ஸ் வேணும்னா தின்னுக்கோங்க. காலையையும் மதியத்தையும் மட்டும் மாத்துங்க. சாயாவோட பிஸ்கட் போயிட்டு அந்த இடத்துல வயித்துல நிக்கிற மாதிரி ஏதாவது வரணும், புட்டும் சிறுபயறும், இல்ல தோசையோட ரெண்டு முட்டை, இல்ல நம்ம அம்மாமாரு குடிச்ச பழங்கஞ்சியோட பயறு தோரனும் ஒரு துண்டு மீனும். புட்டுன்னா புட்டும் பழமும் சீனியும்னு முடிச்சிடாதீங்க, அது முழுக்க மாவுச்சத்து, பதினோரு மணிக்கே பசிக்கும், கடலையோ பயறோ புட்டு அளவுக்கு இருக்கணும். காலைல நேரம் இல்லன்னு சொல்வீங்க, எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை ராத்திரி கொண்டைக்கடலையை ஊறப்போட்டு திங்கக்கிழமை காலைல உப்பு போட்டு குக்கர்ல நாலு விசில் விட்டு ஒரு டப்பாவுல ஃப்ரிட்ஜ்ல வச்சா மூணு நாளைக்கு வரும், அதுல ஒரு பங்கு காலைல புட்டுக்கு, ஒரு பங்கு, ரெண்டாவது மாசத்துலருந்து, நாலரை மணிக்கு. மதியத்துக்கு லெமன் சாதம் போகட்டும், ஆனா பாதி டப்பா சாதம், மீதி பாதில அவியலோ தோரனோ, ஒரு பொரிச்ச மீனோ முட்டையோ. சாளையும் நெத்தோலியும் நம்ம கடற்கரையில மலிவாவே கிடைக்கும், புரதத்துக்கு டப்பா பவுடர் வாங்க வேண்டிய தேவையே இல்ல.

ரெண்டாவது மாசம் நாலரை மணி. நான் சொல்றதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்வேன்னு நீங்க சொன்னா இதைச் செய்யுங்கன்னுதான் சொல்வேன். பஸ் ஏறுறதுக்கு முன்னாடி, ஆபீஸ்லயே, பசி வர்றதுக்கு முன்னாடியே தின்னுடணும். அவிச்ச கடலையில தேங்காய்ப்பூவும் கறிவேப்பிலையும் போட்டு ஒரு சின்ன டப்பா, இல்ல அவிச்ச நிலக்கடலை ஒரு கைப்பிடி, ஒரு மட்டிப்பழம், சீசன்ல பனங்கிழங்கு, சக்க சீசன்ல சக்கக்குரு (பலாக்கொட்டை) வறுத்தது. கூட மோரோ தண்ணியோ குடிங்க. பனங்கிழங்கை நார் உரிச்சு உரிச்சு மென்னு தின்ன பதினஞ்சு நிமிஷம் ஆகும், அந்த மெல்லுறதுதான் பப்ஸ்ல இல்லாதது. இது வயித்துல இருக்கும்போது மார்த்தாண்டத்துல இறங்கினா அதே கண்ணாடிப் பெட்டி, அதே வாசனை, ஆனா இழுப்பு பாதி ஆயிருக்கும். என்கிட்ட வர்றவங்கள்ல இதைப் பிடிச்சுக்கிட்டவங்கதான் அதிகமா தாக்குப்பிடிச்சிருக்காங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல விட்டவங்க பெரும்பாலும் திரும்பி அதே இடத்துக்கு வந்துட்டாங்க. ஆய்வுகள்லயும் ஏறக்குறைய இப்படித்தான் வருது, ஒரு பொருளை மட்டும் தனியாக் குறிவச்சு கொஞ்ச நாள் தடை போட்டா அதுமேல ஆசை கூடுது, நீண்ட நாளைக்கு மொத்த சாப்பாட்டையும் சீர் பண்ணினா ஆசை குறையுது. உங்க பத்து நாள் கதை முதல் வகை.

அதுக்கு மேலயும் பேக்கரி பக்கம் கால் போச்சுன்னா, உங்களையே ஒண்ணு கேட்டுப் பாருங்க: இப்போ யாராவது கஞ்சியும் பயறும் கொடுத்தா குடிப்பேனா? குடிப்பேன்னு தோணிச்சுன்னா அது பசி, வீட்டுக்குப் போய் நல்லா சாப்பிடுங்க. பப்ஸ் மட்டும்தான் வேணும்னா அது ஆசை, ஆசைன்னா அது ஏறி இறங்கும், பெரும்பாலும் கால்மணி அரைமணிக்குள்ள தணியும். அந்த நேரத்துல சும்மா உக்காந்து "தின்னக்கூடாது தின்னக்கூடாது"ன்னு நினைச்சா மனசுக்குள்ள பப்ஸ் படம்தான் ஓடும். கண்ணையும் கையையும் சேர்த்துப் பிடிச்சு வைக்கிற வேலை ஏதாவது வேணும். மூணு நிமிஷம் கட்டம் அடுக்குற வீடியோ கேம் விளையாடினாலே ஆசையோட வேகம் குறையுதுன்னு இங்கிலாந்துல சோதிச்சுப் பாத்திருக்காங்க. வீட்டுல இருந்தா முருங்கைக்கீரை உருவுறது மாதிரி வேலை நல்லா உதவும், ஒவ்வொரு இணுக்கா பாத்துப் பாத்து உருவணும், கண்ணு வேற எங்கயும் போகாது, ராத்திரிக் கறிக்கும் ஆச்சு.

ராத்திரி பத்து மணி சிப்ஸ் வேற கணக்கு. அது பசி இல்ல. காலைல அஞ்சரையிலிருந்து பிள்ளைங்க, பஸ், ஆபீஸ், அடுக்களைன்னு ஓடிட்டு, நாள் முழுக்க உங்களுக்குன்னு கிடைக்கிற நேரமே அந்த ஒரு மணி நேரம்தான், அதுல கையில போனும் மடியில பாக்கெட்டும். இதை எழுதும்போதே எனக்கு எத்தனையோ பொம்பளைங்க முகம் ஞாபகம் வருது. அந்த நேரத்தை விட்டுடுங்கன்னு ஒருநாளும் சொல்ல மாட்டேன், அது உங்களுக்கு வேணும். பாக்கெட்டை மட்டும் மடியிலிருந்து எடுத்திடுங்க. தின்னணும்னா ஒரு சின்னத் தட்டுல ஒரு கைப்பிடி போட்டு, பாக்கெட்டை ரப்பர் பேண்ட் கட்டி அடுக்களை மேல்தட்டுல வச்சிட்டு, போனைக் கவுத்தி வச்சிட்டு தின்னுங்க. பாக்கெட்ல கைவிட்டுத் தின்னா எவ்வளவு உள்ள போச்சுன்னு யாருக்கும் தெரியாது. முடிஞ்சா வாரத்துல ரெண்டு நாள் அந்த ஒரு மணி நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுங்க. தூக்கம் குறைஞ்சா பசியைத் தூண்டுற ஹார்மோன் ஏறுது, நிறைஞ்சுதுன்னு சொல்ற ஹார்மோன் இறங்குதுன்னு சிகாகோவுல 2004-லயே காட்டியிருக்காங்க, சின்ன ஆய்வுதான், ஆனா தூக்கம் கெட்ட மறுநாள் இனிப்பும் எண்ணெயும் தேடுறதை எல்லாருமே அனுபவத்துல பாத்திருப்போம்.

வீட்டுக்குள்ள என்ன இருக்குங்கிறது ரெண்டாவது பெரிய விஷயம். "பிள்ளைங்களுக்கு"ன்னு வாங்குறதுதான் நம்ம வீடுகள்ல பெரியவங்க வயித்துக்குப் போகுது. கூடவே கல்ஃப்ல இருந்து லீவுக்கு வர்றவங்க பெட்டியில வர்ற சாக்லேட், பிஸ்கட், கலர் ஜூஸ் பவுடர், அதை வேண்டாம்னு சொல்லவும் முடியாது, பாசத்துல கொண்டு வந்தது. வந்த அன்னைக்கே பக்கத்து வீடு, சொந்தக்காரங்கன்னு பங்கு வச்சிட்டு மீதி கொஞ்சத்தை மட்டும் வைங்க. மிக்சர் பெரிய பாக்கெட் வாங்குறதை விட்டு, தின்னணும்னு தோணும்போது ஐம்பது கிராம் மட்டும் எடை போட்டு வாங்குங்க, விலை கிராமுக்குக் கொஞ்சம் கூடினாலும் மொத்தத்துல லாபம்தான். பிள்ளைங்க நூடுல்ஸ் கேட்டா வாரத்துக்கு ஒரு நாள்னு வச்சுக்கிட்டு மசாலா பாக்கெட்ல பாதி மட்டும் போட்டு, முட்டையும் கேரட்டும் பீன்ஸும் நிறைய சேர்த்துக் கொடுங்க, உப்பு பெரும்பாலும் அந்த மசாலாவுலதான் இருக்கு. பால்ல கலக்குற மால்ட் பவுடரை ஹெல்த் டிரிங்க்னு நினைச்சு ரெண்டு வேளை கொடுக்கிறவங்க நிறைய பேரு, 2024 ஏப்ரல்ல மத்திய வணிக அமைச்சகமே ஆன்லைன் கடைகளை அந்தப் பேர்ல விக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. வெறும் பாலுக்குப் பிள்ளைங்க பழக ரெண்டு மூணு வாரம் எடுக்கும், பவுடரை ஸ்பூன் ஸ்பூனா குறைச்சுக்கிட்டே வாங்க. இன்னொண்ணு, "சோறு தின்னா சாக்லேட் தர்றேன்"னு மட்டும் சொல்லாதீங்க, சோறு தண்டனை சாக்லேட் பரிசுன்னு பிள்ளை மனசுல பதிஞ்சிடும்.

பாக்கெட் வாங்கும்போது முன்பக்கத்தை நம்பாதீங்க, திருப்புங்க. உட்பொருள் பட்டியல் எடை அதிகமானதுல இருந்து குறைஞ்சதுக்கு வரிசையா இருக்கணும்ங்கிறது சட்டம். முன்னாடி கோதுமைக் கதிரும் ஓட்ஸ் படமும் போட்ட ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாத்தீங்கன்னா, முதல் பேரு மைதா, அடுத்தது சீனியோ பாமாயிலோ, நாலாவது அஞ்சாவதா ஓட்ஸ், பக்கத்துலயே அது எத்தனை சதவீதம்னும் போட்டிருக்கும், பெரும்பாலும் சின்ன நம்பர்தான். சேர்த்திருக்கிற பொருளுக்குப் போட்டிருக்கிற ஐஎன்எஸ் நம்பர் எல்லாத்துக்கும் பயப்படத் தேவையில்ல, 500-ன்னா சோடா உப்பு, 330-ன்னா எலுமிச்சையில இருக்கிற அதே சிட்ரிக் அமிலம், ஆனா 471-ங்கிற எமல்சிஃபையர், ருசியைத் தூக்கிக் காட்டுற 621, 627, 631-ன்னு வரிசையா நின்னா அது நாலாவது கூட்டம்னு எடுத்துக்கலாம். சோடியம் 400 மில்லிகிராம்னா ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு, ஒரு நாளைக்கு மொத்தமே அஞ்சு கிராமுக்குள்ள இருக்கணும்ங்கிறதுதான் உலக சுகாதார நிறுவனமும், ஐதராபாத்ல இருக்கிற நம்ம தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சொல்றது. குளிர்பானம் 100 மில்லிக்கு பத்து பதினோரு கிராம் சீனி, 250 மில்லி பாட்டில்னா அஞ்சாறு டீஸ்பூன். குறைக்கிறதுல எதை முதல்ல எடுக்கன்னு கேட்டா யோசிக்காம குளிர்பானம்னுதான் சொல்வேன், நீங்க அதைக் குடிக்கிறதா எழுதல, நல்லது, வாசிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

நேந்திரங்கா சிப்ஸ் விஷயத்துக்கு வந்தா, ஏத்தங்கா, தேங்காய் எண்ணெய், உப்பு, மஞ்சள் இது நாலும்தான்னா அது நாலாவது கூட்டம் இல்ல. ஆனா 100 கிராம்ல 500 கலோரிக்கு மேல இருக்கு, சுகர் எல்லையில நிக்கிற உங்களுக்கு அது மூணாவது கூட்டமா நாலாவது கூட்டமான்னு கணையம் கேக்காது. ஓணத்துக்கோ கல்யாண வீட்டு இலையிலயோ நாலு துண்டு தின்னுக்கோங்க, டிபன் பாக்ஸ்ல தினமும் வேண்டாம். கடையில பாமாயில்ல பொரிச்சதும் உண்டு, கேட்டு வாங்குங்க. கருப்பட்டி நல்லதுன்னு சீனிக்குப் பதிலா தாராளமா போடுறாங்க, நம்ம ஊரு பனைமேல எனக்கும் மரியாதை உண்டு, ஆனா ரத்தத்துல ஏறும்போது அதுவும் சர்க்கரைதான், அக்கானியும் (பதநீர்) அப்படித்தான். பேக்கரி பப்ஸ் மைதாவும் கொழுப்பும், தொழிற்சாலைக் கொழுப்புல வர்ற, இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் ஃபேட்டை 2022 ஜனவரியிலிருந்து ரெண்டு சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு சட்டம் கட்டுப்படுத்தியிருக்கு, இருந்தாலும் தினசரிச் சாமான் இல்ல அது. சனிக்கிழமை பப்ஸ்னு நாள் குறிச்சு, உக்காந்து, ருசிச்சு, குற்ற உணர்ச்சி இல்லாம தின்னுங்க. சீனி இல்லாததுன்னு செயற்கை இனிப்பு போட்ட பானத்துக்கு மாறலாமான்னு நிறைய பேரு கேக்கிறாங்க, எடை குறைக்க அதை நம்ப வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல சொல்லிடுச்சு, ஏற்கெனவே சுகர் இருக்கிறவங்களை அந்த அறிவுரையில சேர்க்கல, அவங்க டாக்டரைக் கேட்டுக்கட்டும்.

பீரியட்ஸுக்கு முந்தின வாரம் ஆசை கூடுதுன்னும் எழுதியிருந்தீங்க. அது நிறைய பேருக்கு உண்டு, உண்மைதான். மெக்னீசியம் குறைஞ்சாதான் சாக்லேட் ஆசை வரும்னு பரவலா சொல்றாங்களே, அதுக்கு நல்ல ஆதாரம் இல்ல, அதுக்காக மாத்திரை வாங்க வேண்டாம். அந்த வாரம் நாலரை மணி டப்பாவைக் கொஞ்சம் பெருசாக்குங்க, போதும். ஆனா பச்சரிசி, ஐஸ், சாக்பீஸ், மண்ணுன்னு மெல்லத் தோணுச்சுன்னா அது வேற, ரத்தத்துல இரும்புச்சத்து குறைஞ்சா அப்படி வரும், கூச்சப்படாம டாக்டர்கிட்ட சொல்லி ஹீமோகுளோபினும், உடம்புல இரும்புச் சேமிப்பைக் காட்டுற ஃபெரிட்டினும் பாத்துடுங்க. அரிசி புடைக்கும்போது வாயில போட்டு மெல்லுறதைப் பழக்கம்னே நினைச்சுட்டு வருஷக்கணக்கா விட்டவங்க நம்ம பக்கம் கணிசமா உண்டு.

உங்க 6.1-ங்கிறது 5.7-லருந்து 6.4 வரைக்கும் உள்ள ப்ரீ டயபடிஸ், அதாவது சுகர் வர்றதுக்கு முந்தின நிலை, எல்லைக்குள்ள வருது. இது திருப்ப முடியாத இடம் இல்ல. சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006-ல வெளியிட்ட இந்திய சர்க்கரைநோய்த் தடுப்பு ஆய்வுல, இந்த மாதிரி எல்லையில நின்னவங்க சாப்பாடும் நடையும் சீர் பண்ணினதுலயே சுகர் வர்ற வாய்ப்பு 28.5 சதவீதம் குறைஞ்சுது, அதுவும் நம்மளை மாதிரி இந்தியங்கதான். அதனால சாப்பாட்டோட தினமும் அரைமணி நடையும் சேருங்க, ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கி நடந்தா பேக்கரி வாசலும் தப்பும். எச்பிஏ1சி கடந்த ரெண்டு மூணு மாசத்து சராசரியைக் காட்டுறது, பதினஞ்சு நாள்ல திரும்ப எடுத்து மனசு விடாதீங்க, மூணு மாசம் கழிச்சு எடுங்க.

சிலரு மட்டும் நான் சொன்னதை அப்படியே செய்யக்கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கிறவங்க சாயங்காலத் தீனியைத் திடீர்னு நிறுத்தினா சுகர் ஆபத்தா இறங்கும், டாக்டரைக் கேட்டுட்டுதான் மாத்தணும். கிட்னி பிரச்சனை உள்ளவங்க பழம், கிழங்கு, பயறு அளவைத் தனியா கேட்டுக்கணும். தங்கச்சி, அந்த முழு பாக்கெட் ராத்திரி மாதிரி வாரத்துக்கு ஒருதடவையாவது, நிப்பாட்ட முடியாம, வயிறு வலிக்கிற அளவுக்கு, யாருக்கும் தெரியாம ஒளிஞ்சு தின்னுற நிலைமை சில மாசமா நடந்துட்டிருந்தா அது டயட்டீஷியன் கையில முடியிற காரியம் இல்ல, மனநல மருத்துவரைப் பாருங்க, அதுக்கு நல்ல சிகிச்சை உண்டு, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியிலயே போய் விசாரிக்கலாம். நீங்க எழுதினதுல ஒரே ஒரு ராத்திரிதான் தெரியுது, அதை வச்சு அப்படிச் சொல்ல மாட்டேன், ஆனா எழுதாம விட்டது இருந்தா நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

இப்போதைக்கு இந்த வாரம் ஏதாவது மூணு நாள், காலை மதியம் நாலரை மணிக்கு என்ன தின்னீங்க, மார்த்தாண்டத்துல இறங்கினப்போ ஆசை பத்துக்கு எத்தனைன்னு மட்டும் குறிச்சு இதுக்குக் கீழேயே போடுங்க. என்ன மாத்திரை எடுக்கிறீங்கன்னும் சேர்த்து எழுதுங்க. உங்க காலைச் சாப்பாட்டுக்கும் அந்த நம்பருக்கும் உள்ள தொடர்பை வச்சு அடுத்தது எதை மாத்தலாம்னு பாத்துச் சொல்றேன்.